எந்த மரத்தில் கட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அன்னையர் தினத்தையொட்டி ஆலய மண்டபத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் கருக்கலைப்பைப் பற்றி நான் ஆற்றிய உரை இது. ஒலிப்பதிவைக் கேட்டு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தொடக்கத்தில் தேவாரம் பாடி அருள்வாழ்த்துச் சொன்ன குருக்கள் ஐயா அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேவாலயப் பாதிரியார் அவர்களே, நாடாளுமன்ற உறுப்பினரின் சார்பாக வருகை தந்திருக்கும் சிறப்பு அதிகாரி அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, தொழிற்சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர் அவர்களே, ஈப்போவிலிருந்து வந்துகொண்டிருக்கும் நம் மதிப்புக்குரிய டத்தோ அவர்களே, நாற்காலி அடுக்கிய இளைஞர்களே, பின்கட்டில் இந்த நேரத்திலும் அடுப்படியில் நிற்கும் சகோதரிகளே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அழட்டும். நான் இன்றைக்குப் பேச வந்திருப்பதே அந்தச் சத்தத்தைப் பற்றித்தான்.

ஆலய நிர்வாகத்துக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருக்கலைப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, கோயில் மண்டபத்தில் அந்தப் பேச்சா என்று சிலர் முகம் சுளித்தார்கள். தலைவர் ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வளைகாப்பு நடக்கிற மண்டபம்தானே, பேசட்டும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். சென்ற ஆண்டு இதே மண்டபத்துக்குப் புதிய தரை போட்டுக் கொடுத்த நன்கொடையாளர்களையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று பகுதிகளாகப் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். முதலில் சட்டம். பிறகு உடல். மூன்றாவது குடும்பம்.

நான் 1957இல் பிறந்தவள். அந்த ஆண்டில் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் அப்படிப் போனவைதான். ஒரு குழந்தை உயிரோடு இருப்பதே பெரிய காரியம் என்று நினைத்த வீட்டில் நான் வளர்ந்தேன். பிறகு 1981 முதல் 34 ஆண்டுகள் அரசாங்கக் கிளினிக்குகளில் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் வேலை செய்தேன். தோட்டத்து மக்கள் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் சந்தையில் யாராவது மிஸ்ஸி என்றால் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

அந்த 34 ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட பழமொழி ஒன்று உண்டு. பிரசவ வலியில் பெண் கத்தும்போது வாசலில் நிற்கும் கிழவிகள் சொல்வார்கள்: அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும். உண்மைதான். அந்த வலியை மாமியார் வாங்கிக்கொள்ள முடியாது, கணவன் வாங்கிக்கொள்ள முடியாது. நானும் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் இந்தப் பழமொழியை நம் ஜனங்கள் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கையை உதறிக்கொண்டு நகர்ந்து போகும்போது சொல்கிறார்கள். அதுதான் எனக்கும் இந்தப் பழமொழிக்கும் நாற்பது வருடத்துச் சண்டை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. 1860இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் வார்ப்புதான் இதுவும். 1989இல் ஒரு திருத்தம் வந்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, கருவைச் சுமப்பதால் அவள் உடலுக்கோ மனத்துக்கோ நேரும் தீங்கு கலைப்பதால் நேரும் தீங்கைவிட அதிகம் என்றாலோ, பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்து கலைக்கலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. தாயின் உயிர் ஊசலாடும் நேரத்தில் மருத்துவர் எடுக்கிற முடிவை நான் கேள்வி கேட்கவில்லை. கர்ப்பிணிப் புத்தகத்தில் ஆபத்து என்ற சிவப்புக் குறி ஒட்டிய தாயோடு இரவெல்லாம் ஆம்புலன்ஸில் போனவள் நான். எனக்கு அது தெரியும். யாரையும் சிறைக்கு அனுப்பவும் நான் இந்த மேடைக்கு வரவில்லை. பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் குழந்தை பிழைத்துவிடாது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

இது என்ன என்று தெரிகிறதா? உயர்த்திப் பிடிக்கிறேன், பின்னால் இருப்பவர்களும் பாருங்கள். அலுமினியக் குழல். ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் புனல் மாதிரி அகன்றிருக்கும், மறுபக்கம் காது வைக்கத் தட்டையாக இருக்கும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பினார் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த குழலின் மாதிரி. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். தாயைப் படுக்கவைத்து, வயிற்றைத் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கே புனலை வைத்து, மறுமுனையில் காதை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கை பட்டால் உராயும் சத்தம்தான் கேட்கும். மூச்சை அடக்கிக் கேட்டால், தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. நம்முடைய நாடியைவிட வேகம். ஐந்தாம் மாதத்தையொட்டி இந்தக் குழலில் கேட்கத் தொடங்கும். ஆனால் அந்த இதயம் அதற்கு வெகு நாள் முன்பே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. கருத்தரித்த 22ஆம் நாளையொட்டி என்கிறது மருத்துவ நூல். அம்மாவுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். முழுகாமல் இருக்கிறோமா என்ற சந்தேகமே அப்போதுதான் வந்திருக்கும்.

இதைக் கேட்டவள் நான். ஆயிரக்கணக்கான தடவை கேட்டவள். அது வெறும் சதைக்கட்டி என்று என்னிடம் யாராவது சொன்னால், என் காது ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் சொல்ல மாட்டேன். வருடம் 1986.

அப்போது நான் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போவேன். ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்னை மறித்தாள். வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளிலிருந்து இறக்கவில்லை. இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால். "மிஸ்ஸி, நாள் தள்ளிப்போயிருக்கிறது. எனக்கு வேண்டாம். ஈப்போவில் கழுவிவிடுகிற இடம் இருக்கிறதாமே, சொல்லுங்கள்" என்றாள். நான் அப்போது சின்னப் பெண். புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாவம் என்றேன், உடம்புக்கு ஆகாது என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இதை எந்த மரத்தில் கட்டுவது, மிஸ்ஸி?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவளுடைய வெட்டு நிரையில் இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே பழைய சேலையில் ஒரு தூளி. அதில் பதினொரு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய மூன்றாவது. இரண்டு மரத்தையும் சுற்றி, தூளிக் கயிற்றுக்குக் கீழே மண்ணெண்ணெய்த் துணி கட்டியிருந்தாள், எறும்பு ஏறாமல் இருக்க. அப்படியும் அந்தக் குழந்தையின் வலது காது மடலும் கழுத்தும் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தன. முந்தின நாள் மழையில் மண்ணெண்ணெய் கரைந்துவிட்டதாம். அவள் அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை அழுதிருக்கிறது. ஐந்நூறு மரம் வெட்டி முடித்தால்தான் முழுச் சம்பளம். பசிக்கு அழுகிறது என்று நினைத்து இன்னும் பத்து மரம் வெட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தப் பத்து மரத்தை அவள் என்னிடம் எண்ணி எண்ணிச் சொன்னாள்.

ஏன் குழந்தையைக் காட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்பீர்கள். அந்தத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையை ஆறு மாதத்துக்கு முன் மூடிவிட்டார்கள். பாதித் தோட்டம் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறிவிட்டது, ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகள் குறைந்துவிட்டன, இனிக் கொட்டகை தேவையில்லை என்று முடிவு. மூத்த இரண்டும் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் இருட்டில் கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்தால் மதியம் குளிப்பாட்டி, பவுடர் பூசி, வரிசையாகத் தூளியில் தூங்கவைத்திருப்பார்கள். இப்போது மூன்றாவது மரத்தில் தொங்குகிறது. நான்காவதுக்கு மரம் இல்லை என்கிறாள். இதற்கு என் புத்தகத்தில் பதில் இல்லை, அன்பர்களே.

(இந்த இடத்தில் டத்தோ அவர்கள் மண்டபத்துக்குள் வந்தார்கள். பேச்சு சில நிமிடம் நின்றது.)

டத்தோ அவர்களே, வருக வருக. நெடுஞ்சாலை நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். பொன்னாடையைத் தலைவர் ஐயா போர்த்தட்டும், நான் காத்திருக்கிறேன். இந்தப் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் பள்ளிச் சீருடை கொடுக்கிறவர் நம் டத்தோ. அவருடைய தாயார் தோட்டத்தில் ஒட்டுப்பால் பொறுக்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் என்று அவரே பல மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்லிக்கொண்டிருக்கும் கதை அவருக்குப் புதிதல்ல. உட்காருங்கள், டத்தோ. உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது, கடைசியில் வைக்கிறேன்.

கதைக்கு வருகிறேன். நான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். லயத்து வரிசையில் கடைசி வீடு. மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. "அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும். நான் என்ன செய்ய?" என்றார். கணவன் பேசவே இல்லை. நான் அழாத குறையாக வெளியே வந்தேன்.

அடுத்த வீட்டு அஞ்சடித் திண்ணையில் பழைய ஆயா உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையை மூடியபோது வேலை போனவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உரலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சத்தமாக, அந்த மாமியாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெறுவதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். தூக்குவதை நாம் பார்த்துக்கொள்வோம். கொட்டகையைத்தானே மூடினார்கள், என் அஞ்சடியை மூடவில்லையே!"

மறுநாள் காலை நான்கரை மணிக்கு அந்த மூன்றாவது குழந்தை ஆயாவின் அஞ்சடிக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு. தீபாவளிக்குள் ஏழு. ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தார்கள். கொடுக்க முடியாதவர்கள் விறகு கொடுத்தார்கள், மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். அந்தப் பெண் ஈப்போவுக்குப் போகவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, கவனியுங்கள். என் பிரசங்கத்தால் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஐந்தடி அகலச் சிமெண்டுத் திண்ணையால் பிழைத்தது.

அந்தக் குழந்தை பிறந்த இரவு இருக்கிறதே, அதை இந்தப் பட்டணத்தில் இன்னும் சிலர் சொல்வார்கள். நல்ல மழை. ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, நாங்கள் இந்தப் பக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்றைத்தான் எழுப்ப முடிந்தது. ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும். சுற்றிக்கொண்டு போவோம் என்று கிளம்பினோம். லாரியின் பின்பக்கத்தில் சாக்கை விரித்து, மேலே தார்ப்பாய் பிடித்து, ஆயா அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள, நான் முழங்காலில் நிற்க, எண்ணெய்ப் பிசுக்கில் முழங்கால் வழுக்குகிறது. பாதி வழியில் குழந்தை காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஓட்டுநர் இறங்கி வந்தார். என்னிடம் ஒரு டார்ச் லைட் இருந்தது, பிடிக்க ஆள் இல்லை. அவரிடம் கொடுத்தேன். அவர் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி விளக்கைப் பிடித்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கை நடுங்கியது. கை நடுங்கியதால் வெளிச்சமும் நடுங்கியது. அந்த நடுங்குகிற வெளிச்சத்தில்தான் தொப்புள்கொடி கட்டினேன். சுற்றிப் போர்த்த எல்லாத் துணியும் நனைந்துவிட்டது. அவர் லாரியின் முன்பக்கம் போய், தொழுகைக்காக மடித்து வைத்திருந்த காய்ந்த கைலிச் சாரத்தைக் கொண்டுவந்து, அப்போதும் முகத்தைத் திருப்பியபடி, என் பக்கம் நீட்டினார்.

பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு.

பத்து நாள் கழித்து அந்தச் சாரத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆயா திருப்பிக் கொடுக்கப் போனார். அவர் வாங்கவில்லை. "தூளி கட்டிக்கொள்ளுங்கள்" என்றாராம்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்: அந்தப் பெண் குழந்தை இப்போது டாக்டரா, வக்கீலா? இல்லை. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலை ஐந்தரைக்கு வேனை எடுக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் டாக்டராகியிருந்தால்தான் அவள் பிறந்ததற்கு அர்த்தம் என்று நினைக்கிறோமா? பெரிய ஆளாக வருவான், அதனால் கொல்லாதே என்று சொல்வது பேரம் பேசுவது. ஒன்றுமே ஆகாவிட்டாலும், சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஒரு சாதாரண ஆளாக இருந்துவிட்டுப் போனாலும், அந்த உயிர் உயிர்தான்.

இனிக் குடும்பம். கலைத்தவர்கள் எல்லாரும் காலமெல்லாம் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது பொய். நிம்மதியாக இருக்கிறேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் வேறு விதமானவர்களையும் நிறையப் பார்த்தேன். ஒரு அம்மா. கணவனும் மாமனாரும் சேர்ந்து முடிவெடுத்து, கடன் அடையட்டும் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடன் அடைந்தது. பிறகு பிள்ளையே தங்கவில்லை. அதுதான் காரணமா என்றால் எனக்குத் தெரியாது, மருத்துவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதுதான் காரணம் என்று இருவருமே நம்பினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. பல வருடம் கழித்து நான் போனபோது, இரும்பு அலமாரியைத் திறந்து, கூறைப்புடவைக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்புக் கர்ப்பிணிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தது. எடை, இரத்த அழுத்தம், அடுத்து வரவேண்டிய தேதி. எல்லாம் என் கையெழுத்து. அந்தத் தேதியை அவர் கோலப்பொடி தொட்ட விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கணவர் கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இன்னொன்று என்னுடைய குற்றம். பத்தொன்பது வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவள், தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து நேராக என்னிடம் வந்தாள். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, "யார் அவன்?" அவ்வளவுதான். அவள் முகம் மூடிக்கொண்டது. தலைவலி மாத்திரை வாங்க வந்தேன் என்றாள், வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன செய்தாள், எங்கே போனாள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு பெண் அப்படி வந்து நின்றால், முதலில் சாப்பாடு போடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்ல முடியாத பெண்கள் 15999 என்ற அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண்ணை அழைக்கலாம், இரவிலும் எடுப்பார்கள். பெட்டாலிங் ஜெயாவில் 2010ஆம் ஆண்டில் குழந்தையை வைத்துவிட்டுப் போகும் தொட்டில் திறந்தார்கள். அதற்கும் முன்னால், நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய சேலம் மாவட்டத்தில், பெண் சிசுவைக் கொல்லாமல் காப்பதற்காக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தார்கள். தொட்டில் வைத்தவர்கள் யாரையும் திட்டவில்லை. கையை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறீர்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து நம் திருமணங்களுக்குச் சட்டப் பதிவு கட்டாயம். பதிவு இல்லாததால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் இடம் வெறுமையாகிவிடுமோ என்ற பயத்திலேயே கலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டும்.

இப்போது டத்தோ அவர்களிடம் சொன்ன கோரிக்கை. உண்மையில் இது எல்லாரிடமும் வைக்கிற கோரிக்கை.

நம் பட்டணத்துப் பெண்கள் இப்போது பால்மரம் வெட்டுவதில்லை. தொழிற்சாலை, பேரங்காடி, செம்பனை ஆலை, ஈப்போவில் துப்புரவு வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். 2023 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது, நல்ல காரியம், தகப்பனுக்கும் ஏழு நாள் உண்டு. தொண்ணூற்றொன்பதாவது நாள் விடியற்காலையில் அந்தக் குழந்தையை யாரிடம் கொடுப்பது? இங்கே இருக்கிற தனியார் காப்பகங்கள் ஏழரைக்குத்தான் திறக்கின்றன. தொழிற்சாலைப் பஸ் ஐந்தேமுக்காலுக்கு. என்னிடம் வருகிற பெண்கள் இன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், மரம் என்ற சொல் மட்டும்தான் இல்லை.

தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில்கூட எழுதியிருக்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது நாம் அம்மியைக் கொண்டுவந்தோம், குலசாமியைக் கொண்டுவந்தோம், ஆயாக் கொட்டகையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். நான் கேட்பது அதைத்தான். கோயிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய வாசகசாலைக் கட்டடத்தில் ஓர் ஆயாக் கொட்டகை. காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். அம்மா யார், அப்பா யார், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர். இரண்டு பேரோடு தொடங்கினால் எட்டுக் குழந்தைகள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, இரண்டு பேருக்கு 3,400. சேமநிதி, சொக்சோ காப்புறுதி எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி இருந்தால் தாங்கும். நானூறு வீடு, மாதம் பத்து வெள்ளி.

பத்து வெள்ளி என்றால் இந்த ஊருக்கு ஒரு ஞாபகம் வரவேண்டும். இந்த ஊரில் பிறந்தவர்தான் நம் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் ஜனங்கள் தெருவுக்கு வந்தபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தினக்கூலி வாங்கியவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய ஜனங்களுக்கு ஒரு கொட்டகை கட்ட முடியாதா? டத்தோ அவர்களே, நீங்கள் முதல் மூன்று மாதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சிறப்பு அதிகாரி அவர்களே, சமூக நலத்துறைப் பதிவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் துணை நிற்க வேண்டும். தலைமையாசிரியை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்றைக்கு 530ஐ ஒட்டி வந்து நிற்கிறோம். 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளைகள், 2022இல் 1.6. இதற்குக் காரணங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் முதல் வகுப்பில் காலியாக இருக்கும் நாற்காலியை நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்கள்.

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அவள் பெறட்டும். பெற்றதைக் காலை ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்ள யாராவது விழித்திருக்கிறோமா என்றுதான் கேட்கிறேன்.

வாசலில் மேசைமேல் நீல நிற நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பத்து வெள்ளி கொடுக்கிறவர்கள் முதல் பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போகத் தயாராக இருக்கும் பெண்கள் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், எனக்கு நான்கு பேர் வேண்டும், வயது தடையில்லை. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாசகசாலையைத் திறந்து சுத்தம் செய்யப் போகிறோம். பின்பக்கம் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, இளைஞர்கள் பாராங் கத்தி கொண்டுவாருங்கள். விளக்குமாறு என்னிடம் இருக்கிறது. தூளிக் கொக்கி மாட்ட உத்தரம் தாங்குமா என்று பார்க்கத் தச்சர் ஒருவர் வந்தால் நல்லது. சாவி தலைவர் ஐயாவிடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.